ஆர்கானிக் முட்டைக்கோழி உண்மையில் வெளியே போகிறதா?

அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் ஓர் அம்மா கேட்டிருந்தார்: "இங்கே ஆர்கானிக் முட்டை சாதா முட்டையைவிட நல்ல விலை. பெட்டியின் மேல் பச்சைப் புல்வெளியில் கோழி மேய்வதுபோலப் படம் போட்டிருக்கிறது. அந்தக் கோழிகள் நிஜமாகவே வெளியே போகின்றனவா? போவதால் கோழிக்கு என்ன நன்மை? எங்கள் ஊரில் கோழி தன்பாட்டுக்கு மேய்ந்துவிட்டு வரும். இதற்கு எதற்கு இத்தனை சட்டமும் சான்றிதழும்?"

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். வட ஜெர்மனியில் சில ஆண்டுகள் ஆர்கானிக் முட்டைப் பண்ணைகளுக்குப் போய், கோழிகளைக் கையில் பிடித்துப் பார்த்து, அவை எப்படி இருக்கின்றன என்று எழுதிக் கொடுக்கும் வேலை பார்த்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அம்மா, முதலில் நேரடியான பதில். சில கோழிகள் தினமும் வெளியே போகின்றன. சில எப்போதாவது எட்டிப் பார்க்கின்றன. சில, முட்டையிடும் காலம் முழுவதும் ஒரு தடவைகூட வாசலைத் தாண்டுவதில்லை. ஒரே கொட்டகைக்குள்ளேயே இந்த மூன்று வகையும் இருக்கும். காலில் மின்னணு வளையம் மாட்டி, எந்தக் கோழி எப்போது வாசலைக் கடக்கிறது என்று கணக்கெடுத்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. ஆகவே "வெளியே போக வழி இருக்கிறது" என்பதும் "வெளியே போகிறது" என்பதும் வேறு வேறு. ஆர்கானிக் சட்டங்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் அளக்கின்றன. கோழிக்கு வேண்டியது இரண்டாவது.

உங்கள் ஊரில் சட்டம் தேவைப்படவில்லை, ஏனென்றால் அங்கே ஒரு வீட்டுக்குப் பத்து கோழி. சுற்றிலும் வேலி, மரம், வைக்கோல்போர், எருக்குழி. இங்கே ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கில், அமெரிக்காவில் சில இடங்களில் பல்லாயிரக் கணக்கில் கோழிகள். எண்ணிக்கை கூடக் கூட, ஒரே நேரத்தில் வெளியே நிற்கும் கோழிகளின் பங்கு குறைந்துகொண்டே போகும். நடுக்கொட்டகையில் இருக்கும் கோழி வாசலுக்கு வர நூற்றுக்கணக்கான கோழிகளைத் தாண்டி வர வேண்டும். பல கோழிகள் அந்தப் பாட்டைப் படுவதில்லை.

சரி, நீங்கள் இருக்கும் அமெரிக்காவுக்கு வருகிறேன். அங்கே ஆர்கானிக் உணவுக்கான சட்டம் 1990-இல் வந்தது. விதிமுறைகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2002 அக்டோபரில். கால்நடைகளுக்கு வெளிப்புறத்துக்குப் போக வழி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு கோழிக்கு எத்தனை சதுர அடி, எத்தனை வாசல், தரை மண்ணா சிமென்ட்டா என்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த 2002-லேயே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சிக்கல் வந்துவிட்டது. ஒரு பண்ணை, கொட்டகையோடு ஒட்டிய, கூரை போட்டு அடைத்த தாழ்வாரத்தைக் காட்டி, இதுதான் வெளிப்புறம் என்றது. சான்றளிக்கும் அமைப்பு ஒத்துக்கொள்ளவில்லை. பண்ணை மேல்முறையீட்டுக்குப் போனது. வேளாண்மைத் துறை பண்ணைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அதற்கப்புறம் பெரிய பெரிய கொட்டகைகள் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. மேலே கூரை, கீழே சிமென்ட், சுற்றிலும் வலை. கோழியின் கால் மண்ணில் படவே படாது. பெட்டியில் மட்டும் ஆர்கானிக் முத்திரை. வீட்டுத் திண்ணைக்குக் கம்பி அழி போட்டுப் பூட்டிவிட்டு, பிள்ளையை அதற்குள் விட்டு, தெருவில் விளையாடுகிறான் என்று சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? கோழி விஷயத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒப்புக்கொண்டார்கள். மண்ணும் புல்லும் கொடுத்து ஒழுங்காக வளர்த்த சிறு பண்ணைக்காரர்கள் அதே முத்திரையோடு, அதே அலமாரியில், அந்த விலைக்குப் போட்டி போட வேண்டியிருந்தது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

இதைத் திருத்த 2017 ஜனவரியில் ஒரு விதி வெளியானது. ஆட்சி மாறியது, விதியைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள், 2018 மார்ச்சில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வழக்கெல்லாம் நடந்தது. கடைசியில் 2023 நவம்பர் 2 அன்று புதிய விதி வெளியானது. அடைத்த தாழ்வாரத்தை இனி வெளிப்புறமாகக் கணக்கில் காட்ட முடியாது. வெளியிடத்தில் குறைந்தது முக்கால் பங்கு மண்தரையாக இருக்க வேண்டும். இடத்தைக் கோழியின் எடையை வைத்துக் கணக்கிடுகிறார்கள்: 2.25 பவுண்டு எடைக்கு ஒரு சதுர அடி. நாலரை பவுண்டு, அதாவது சுமார் இரண்டு கிலோ எடையுள்ள கோழிக்கு இரண்டு சதுர அடி வருகிறது. ஏற்கெனவே சான்று பெற்றிருந்த முட்டைப் பண்ணைகளுக்கு இந்த இட அளவுகளைக் கொண்டுவர 2029 ஜனவரி வரை அவகாசம். ஆகவே இன்று உங்கள் கையில் இருக்கும் ஆர்கானிக் முட்டை தாழ்வாரக் கோழியின் முட்டையாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

அந்த இரண்டு சதுர அடியை ஐரோப்பாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆர்கானிக் விதிப்படி ஒரு முட்டைக்கோழிக்கு வெளியே 4 சதுர மீட்டர், அதாவது 43 சதுர அடி. உள்ளே ஒரு சதுர மீட்டருக்கு ஆறு கோழிக்கு மேல் கூடாது. ஒரு தடுப்புக்குள் 3,000 கோழிக்கு மேல் வைக்க முடியாது. அடைவதற்குக் கொம்பில் ஒரு கோழிக்கு 18 சென்டிமீட்டர். இதே தாழ்வாரம் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் உண்டு. குளிர்காலத் தோட்டம் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதை வெளியிடக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்று அங்கே விதியிலேயே எழுதியிருக்கிறது. கட்டடம் ஒன்றுதான். அமெரிக்காவில் அது மேய்ச்சல் நிலத்துக்குப் பதிலாக நிற்கிறது, ஐரோப்பாவில் மேய்ச்சல் நிலத்தோடு கூடுதலாக நிற்கிறது.

இதைச் சொன்னதும் ஐரோப்பாவில் கோழிகளெல்லாம் புல்வெளியில் பரவி நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

நான் முதன்முதலில் பார்த்த பண்ணையில் சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. கொட்டகையின் நீளவாக்கில் வரிசையாகச் சின்ன வாசல்கள், கோழி குனியாமல் வரும் உயரம். வெளியே பெரிய புல்வெளி, ஒரு மரம் கிடையாது. காலை பத்து மணிக்கு வாசல்கள் திறந்ததும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. வந்தவை கொட்டகைச் சுவரை ஒட்டிய முப்பதடிக்குள்ளேயே நின்றுவிட்டன. அந்த முப்பதடியில் ஒரு புல்கூட இல்லை. கிளறிக் கிளறிப் பள்ளம் விழுந்து, மழைத்தண்ணீர் தேங்கி, எச்சத்தோடு கலந்து சேறாகக் கிடந்தது. அதற்கப்பால் முழங்கால் உயரத்துக்குப் புல் தொடப்படாமல் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கோ மேலே ஒரு பருந்து வட்டமடித்தது. எனக்குத் தெரியவில்லை, ஒரு கோழிக்குத் தெரிந்துவிட்டது. நீட்டி ஒரு குரல் கொடுத்தது. ஒரே நொடியில் அத்தனையும் வாசலுக்குள். அப்புறம் முக்கால் மணி நேரம் ஒன்றும் வெளியே தலைகாட்டவில்லை.

இந்தக் குரல் உங்களுக்குப் புதிதில்லை. வானத்தில் வரும் எதிரிக்கு ஒரு குரல், தரையில் வரும் நாய்க்கும் பூனைக்கும் வேறொரு குரல். தாய்க்கோழி முதல் குரலைக் கொடுத்ததும் குஞ்சுகள் முருங்கை மரத்தடிக்கோ மாட்டுவண்டிக்கு அடியிலோ ஓடும். கோழி புல்வெளிப் பறவை அல்ல. தென்கிழக்காசியக் காடுகளில் புதருக்கடியில் சருகைக் கிளறி வாழ்ந்த சிவப்புக் காட்டுக்கோழியின் வழி வந்தது. (நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் பங்கு உண்டு. பல வளர்ப்புக் கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு அதிலிருந்து வந்தது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள்.) தலைக்கு மேல் மறைப்பு இல்லாத வெட்டவெளி கோழிக்குச் சுதந்திரமாகத் தெரியாது, ஆபத்தாகத்தான் தெரியும். பெட்டியில் அச்சடித்திருக்கும் அந்தப் பச்சைப் புல்வெளிப் படம் மனிதக் கண்ணுக்கு அழகு. கோழிக்கு அது பருந்தின் சாப்பாட்டுத் தட்டு.

அந்தப் பண்ணைக்காரர் நல்ல மனிதர். அடுத்த ஆண்டு, கொட்டகை வாசலிலிருந்து நேராகப் புல்வெளிக்குள் போகும்படி வில்லோ மரக்கன்றுகளை வரிசையாக நட்டார். மரம் வளரும்வரை பொறுக்க முடியாதே என்று பக்கத்திலேயே மக்காச்சோளம் ஒரு பட்டையாக விதைத்தார். சோளம் இடுப்பளவு வந்ததும் கோழிகள் அதற்குள் நுழைந்து, அதன் ஊடாகவே நடந்து, நான் எதிர்பார்க்காத தூரத்துக்குப் போயின. ஒரு சாயங்காலம் கடைசிச் சோளத்தண்டுக்கடியில் ஐந்தாறு கோழிகள் குழி பறித்துப் படுத்து, மண்ணை இறக்கைக்குள் அள்ளிப் போட்டுப் புழுதிக் குளியல் போட்டுக்கொண்டிருந்தன. கண்ணை மூடி, ஒரு காலை நீட்டி, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. பயந்த கோழி அப்படிப் படுக்காது. அதே நிலம், அதே கொட்டகை, சட்டத்தின் கணக்கில் ஓர் அங்குலம்கூட மாறவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, வெளியே போவதால் என்ன நன்மை. நிறைய உண்டு, ஆனால் நான் முதலில் சொல்வது இறகைப் பற்றி. காட்டுக்கோழி விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைக் கிளறுவதிலும் கொத்துவதிலும் கழிக்கிறது. வளர்ப்புக் கோழிக்கும் அந்த வேகம் அப்படியே இருக்கிறது. தீவனத்தொட்டியில் வயிறு நிறைந்தாலும் அலகுக்கு வேலை தீர்வதில்லை. கொத்த மண்ணும் புழுவும் சருகும் இல்லாதபோது பக்கத்துக் கோழியின் இறகைக் கொத்தும். முதலில் வாலடி, பிறகு முதுகு. ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும், கொன்று தின்னும் அளவுக்குப் போகும். கூட்டத்தில் அதிகக் கோழிகள் வெளியே போகிற பண்ணைகளில் இந்த இறகு கொத்தல் குறைவு என்று இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் பண்ணை பண்ணையாகப் போய் எடுத்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் கோழியைக் கையில் பிடித்ததும் முதலில் வாலடி இறகைத்தான் விலக்கிப் பார்ப்பேன். அங்கே இறகு முழுசாக இருந்தால் அந்தக் கொட்டகையில் பாதிப் பிரச்சினை இல்லை.

இதற்கு வழக்கமான மருந்து அலகு வெட்டுவது. அலகின் நுனியில் நரம்பு இருக்கிறது, வெட்டினால் வலிக்கும், உணர்வும் போகும். ஐரோப்பிய ஆர்கானிக் விதி வழக்கமாக அலகு வெட்டுவதை அனுமதிப்பதில்லை. ஜெர்மனியில் ஆர்கானிக் அல்லாத பண்ணைகளும் 2017 முதல் அதைக் கைவிட்டுவிட்டன. அலகு வெட்டாத கோழிகளை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு வேலை கொடுக்காமல் அடைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் வெளியே போவது ஆர்கானிக் பண்ணையில் ஒரு கூடுதல் வசதி அல்ல. மற்ற விதிகள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

தீவனத்திலும் இதே கதை. மெத்தியோனின் என்றொரு அமினோ அமிலம், இறகுக்கும் முட்டைக்கும் கட்டாயம் வேண்டும். குறைந்தால் இறகு கொத்தல் வரும். சாதாரணப் பண்ணையில் செயற்கை மெத்தியோனின் கலந்துவிடுவார்கள். ஐரோப்பிய ஆர்கானிக்கில் அதற்கு இடமில்லை. அமெரிக்க ஆர்கானிக்கில் முட்டைக்கோழித் தீவனம் ஒரு டன்னுக்கு 2 பவுண்டு வரை சேர்க்கலாம். மண்ணைக் கிளறிப் புழு பூச்சி பிடித்துத் தின்னும் கோழி அந்தக் குறையில் கொஞ்சத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

வெளியே போவதில் கெடுதலே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அது பொய். எச்சம் விழுந்த மண்ணிலேயே திரும்பத் திரும்பக் கொத்துவதால் குடற்புழு வரும், குறிப்பாக உருண்டைப்புழு. அதன் முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுவதும், ஒரு தொகுதி கோழி போனபின் நிலத்தைச் சும்மா போட்டு வைப்பதும் இதற்காகத்தான். நரி பிடிக்கும், மின்வேலி வேண்டும். பருந்தினத்தில் பெரியவை கோழியைத் தூக்கவே தூக்கும். நிலத்தில் நஞ்சு இருந்தால் அதுவும் முட்டைக்கு வரும். 2025-இல் நெதர்லாந்து அரசின் பொது சுகாதார நிறுவனம், வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் கோழிகளின் முட்டைகளைச் சாப்பிட வேண்டாம் என்று நாடு முழுவதற்கும் அறிவுரை கொடுத்தது. தோட்டங்களில் எடுத்த முட்டைகளில் அழியாத ரசாயனங்கள் அதிகம் இருந்ததுதான் காரணம்.

எல்லாவற்றையும்விடப் பெரியது பறவைக் காய்ச்சல். நோய் பரவும்போது அரசு உத்தரவு போட்டு எல்லாக் கோழிகளையும் உள்ளே அடைக்கச் சொல்லும். மாதக்கணக்கில் நீளும். வெளியே போய்ப் பழகிய கோழியைத் திடீரென்று அடைத்தால் அந்த ஏக்கம் அலகில்தான் தெரியும். இரண்டாம் வாரம் வாலடி இறகு போயிருக்கும். நான் திட்டிக்கொண்டிருந்த தாழ்வாரத்தின் அருமை அப்போது தெரிந்தது. கூரையும் வலையும் இருப்பதால் காட்டு வாத்தின் எச்சம் உள்ளே விழாது. காற்றும் வெளிச்சமும் வரும். உள்ளே மணலும் வைக்கோல் கட்டும் போட்டால் கோழிகள் நாளெல்லாம் கிளறிக்கொண்டிருக்கும். மேய்ச்சல் நிலமும் இருந்து தாழ்வாரமும் இருக்கிற பண்ணைதான் அந்த மாதங்களைச் சேதமில்லாமல் தாண்டியது. மரங்களும் இங்கே கைகொடுக்கின்றன. நோயைச் சுமந்து வரும் காட்டு வாத்துகளும் கூஸ் பறவைகளும் தண்ணீரையும் திறந்த புல்வெளியையும்தான் தேடி இறங்கும், மரம் அடர்ந்த இடத்தில் இறங்காது. கோழி விரும்புவதும் வாத்து வெறுப்பதும் ஒரே நிலம்.

இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது: விடைக்கோழி எப்படி வளர்ந்தது என்பது. நான்கு மாதம் வரை வெளிச்சமே காணாத கொட்டகையில் வளர்த்துவிட்டு, முட்டையிடும் வயதில் கொண்டுவந்து வாசலைத் திறந்தால் அது போகாது. நம் ஊரில் குஞ்சு பஞ்சாரத்துக்குள் இருக்கும்போதே தாயின் பின்னால் வெளியே போய்ப் பழகிவிடுகிறது. ஐரோப்பியப் புதிய விதி விடைக்கோழிக்கும் வெளியே ஒரு சதுர மீட்டர் கேட்கிறது. எனக்கு அந்த விதியிலேயே பிடித்த வரி அதுதான். கோழியின் இனம் மட்டும் பெரும்பாலும் மாறவில்லை. ஆர்கானிக் கொட்டகையிலும் ஆண்டுக்கு முந்நூறு முட்டை போடும் அதே கலப்பினம்தான். அதன் நெஞ்செலும்பை விரலால் தடவினால் முறிந்து கூடிய முடிச்சு தட்டுப்படும், கூண்டானாலும் மேய்ச்சலானாலும். புல்வெளி அதைச் சரிசெய்யாது.

கடையில் எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஆர்கானிக் முத்திரை மட்டும் இருந்தால் தீவனத்தைப் பற்றி நம்பலாம், மேய்ச்சலைப் பற்றி இப்போதைக்கு நம்ப வேண்டாம். "கேஜ் ஃப்ரீ" என்றால் கூண்டு இல்லை, அவ்வளவுதான். வெளியே போவது அதில் கணக்கில்லை. ஆர்கானிக் முத்திரையோடு "பாஸ்ச்சர் ரெய்ஸ்டு" என்றும், "சர்டிஃபைடு ஹ்யூமேன்" சான்றும் இருந்தால் ஒரு கோழிக்கு 108 சதுர அடி, அதுவும் நிலத்தை மாற்றி மாற்றி விட வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் அந்த வார்த்தை மட்டும் இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு வேலை சுலபம். முட்டை ஓட்டின் மேலேயே எண் அச்சடித்திருக்கும்: 0 ஆர்கானிக், 1 மேய்ச்சல், 2 கொட்டகை, 3 கூண்டு. நம் ஊர்க் கடையில் "நாட்டுக்கோழி முட்டை" என்று எழுதியிருப்பது இனத்தைப் பற்றிய பேச்சு, அது ஆர்கானிக் சான்று ஆகாது. சான்று வேண்டுமென்றால் இந்திய அரசு அங்கீகரித்த ஆர்கானிக் சின்னத்தைத் தேடுங்கள்.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில் விவசாயிகள் சந்தை இருந்தால், அங்கே முட்டை விற்பவரிடம் பண்ணைக்கு வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பலர் சந்தோஷமாகக் கூப்பிடுவார்கள். போனால் உச்சி வெயிலில் போகாதீர்கள், அப்போது எந்தக் கோழியும் நிழலை விட்டு வராது. சாயங்காலம், சூரியன் இறங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போங்கள். எத்தனை கோழி வெளியே நிற்கிறது என்று எண்ண வேண்டாம், நீங்கள் போனதும் பாதி உள்ளே ஓடிவிடும். கொட்டகையிலிருந்து ஒரு நூறு அடி நடந்து போய்க் கீழே பாருங்கள். அங்கே எச்சமும் உதிர்ந்த இறகும் கிடந்து, புதரடியில் கோழி படுத்து எழுந்த புழுதிக்குழிகள் வழவழவென்று தேய்ந்திருந்தால், தயங்காமல் அந்த விலையைக் கொடுத்து முட்டை வாங்குங்கள்.